திங்கட்கிழமை, நான்காவது வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற அம்மாவின் அறையில், அம்மாவும் நானும் சென்ட்ரிஃப்யூஜின் கார்பன் பிரஷ்களை மாற்றினோம். ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை வேகமாகச் சுழற்றி, சிவப்பை அடியிலும் தெளிந்ததை மேலேயும் பிரிக்கிற இயந்திரம் அது. அம்மா அதைச் 'சுத்துற மிஷின்' என்பாள். இரண்டு வாரமாகக் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான் அதைத் தரையில் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினேன். அம்மா முக்காலியில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள்.

"இந்தப் பக்கம் காட்டும்மா."

"காட்டிட்டுதானே இருக்கேன்."

"உன் கால்ல காட்டிட்டு இருக்க."

"மிஷினவிட என் கால் பாக்க நல்லா இருக்கு, அதான்."

மோட்டாருக்கு மின்சாரத்தைக் கடத்துகிற கரித்துண்டுதான் பிரஷ். தேய்ந்தது நான்கு மில்லிமீட்டர் இருந்தது. புதியது பதினான்கு. அம்மா பழையதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனை நாளா இதுலயா ஓடுச்சு?"

"இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா மோட்டாரே போயிருக்கும்."

"நல்லவேளை நீ இதையே படிச்ச. வெளி ஆளு வந்தா டீ போட்டுக் குடுக்கணும்."

"எனக்கும்தான் இன்னும் வரல."

"நீ வீட்டு ஆளு. போயி நீயே போட்டுக்க."

என் வேலை, ஆய்வுக்கூட இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சோதிப்பது. நகரத்தில் இருக்கிறேன், பேருந்தில் நான்கு மணி நேரம். மாதம் ஒரு முறை வருவேன். அந்த முறை வரும்போது அம்மா ஒரு பொருள் கேட்டிருந்தாள். குழந்தைகளுக்குப் பயன்படுத்துகிற மெல்லிய ஊசி. பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் சின்ன இறக்கை இருக்கும். பத்து ஊசி வாங்கி வந்திருந்தேன்.

"எதுக்குப் பத்து? ஒண்ணு போதும்."

"ஒண்ணு தப்பிருச்சுன்னா?"

"தப்பினா அடுத்த திங்கக்கிழமை."

பிறகு சொன்னாள், டைப்பிஸ்ட் நாளைக்கு ரத்தம் எடுக்கக் கையை நீட்டுகிறேன் என்று சொல்லியிருப்பதாக. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் டார்ச் வெளிச்சம் சுவருக்குப் போய்விட்டது.

டைப்பிஸ்ட் யார் என்று எனக்குத் தெரியும். நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில், வீட்டிலேயே மனு அடித்துக் கொடுக்கிறவர். நாற்பத்தொன்பது வயது. எட்டு வயதுக்குப் பிறகு உடம்பில் ஊசி பட விட்டதில்லை. ஒரு வருடமாகக் கண் மங்கி மங்கித் தெளிந்துகொண்டிருந்தது. சிறுநீரில் சர்க்கரை அதிகம். கண்ணின் பின்பக்கம் கசிவு இருக்கிறது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ரத்தம் பார்க்காமல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல், மருந்தும் தொடங்க முடியாது, கண்ணுக்குச் சிகிச்சையும் செய்ய முடியாது என்றார். ஆறு மாதம் இப்படியே விட்டால் எழுத்து தெரியாது என்றும் சொன்னார். அதில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. விரல் நுனியில் ஒரு சொட்டுக்குக்கூட அவர் சம்மதிக்கவில்லை. அம்மா பதினொரு மாதமாகத் திங்கட்கிழமை தோறும் அவர் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஆறு குழாய் ரத்தம் வேண்டாம், இரண்டு குழாய் போதும் என்று ஆய்வுக்கூடத்தோடு பேசி வைத்திருந்தாள்.

மூடியைப் போட்டு இயந்திரத்தை ஓட்டினேன். அம்மா காதை வைத்துக் கேட்டு, "பூனை மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு மணி பேருந்தில் நான் நகரத்துக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு அம்மா இறந்தாள். அறுபத்தொரு வயது. அன்றைய சுற்றில் நான்கு வீடு. மூன்றாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் இடையில்.

அம்மாவுக்கு ஆறுமாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை உண்டு. தன் கையிலிருந்து தானே எடுப்பாள். எல்லா அறிக்கையும் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாகவே இருந்தன. அவற்றிலிருந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

முப்பத்தாறு வருடம் அவள் செய்த வேலை இது. காலை ஆறேகாலுக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுப்பாள். எட்டரைக்குள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் தன் அறைக்குத் திரும்புவாள். எட்டடிக்குப் பத்தடி. ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, மறுபக்கம் சைக்கிள் கடை. உள்ளே அகலமான கை வைத்த நாற்காலி ஒன்று, ஒரு மேசை, கைகழுவும் தொட்டி, சுத்துற மிஷின். குழாய்களை அரைமணி நேரம் நிற்க வைத்து, சுழற்றி, பெட்டியில் அடுக்கி, ஒன்பது நாற்பது பேருந்தில் ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புவாள். பக்கத்துப் பெரிய ஊரில் ஆய்வுக்கூடம். மாலை அறிக்கைகள் அதே பேருந்தில் வரும்.

ஊரில் அவளுக்குக் கொசு அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். "கொசு சொல்லாம கடிக்கும். நான் சொல்லிட்டுக் கடிக்கிறேன்" என்பாள்.

அது நிஜம். வலிக்காது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. "வலிக்கும். மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பாள். மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும். நரம்பைக் கண்ணால் தேடமாட்டாள். வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு விரலால் தடவுவாள். கண்டுபிடித்தவுடன் முகத்தில் ஒரு மாற்றம் வரும். தொலைந்த சாவி பையிலேயே இருந்தது தெரிந்தால் வருகிற மாற்றம்.

ஒரு நாளில் ஒரு ஆளை ஒரு தடவைதான் குத்துவாள். நரம்பு தப்பிவிட்டால் ஊசியை எடுத்துவிட்டு, "நாளைக்கு வரேன்" என்று எழுந்துவிடுவாள். அவளுக்குத் தப்புவது வருடத்துக்கு நாலைந்து தடவை இருக்கலாம். ஆய்வுக்கூட முதலாளி இதற்காகப் பலமுறை சத்தம் போட்டிருக்கிறார். இன்னொரு தடவை குத்தினால் என்ன குறைந்துவிடும் என்பார். அம்மா கேட்டுக்கொண்டு நிற்பாள். அடுத்த முறையும் எழுந்து வந்துவிடுவாள்.

அவள் இருபது வயதில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு பயிற்சிக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடத்தில் விட்டுவிட்டாள். ஏன் என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கால் வலிச்சுது, விட்டுட்டேன்." அதற்குப் பிறகு தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிற வேலையைத் தேடிக்கொண்டாள். நானும் அப்போது கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இந்த ஊரை வெறும் வயிற்றில் பார்த்தவள் அம்மா ஒருத்திதான். மற்றவர்களுக்குத் தெரிந்தது சாப்பிட்ட பிறகு வெளியே வருகிற ஊர். தலை சீவி, சட்டை போட்டு, வணக்கம் சொல்கிற ஊர். அம்மா போகும்போது எவரும் பல்செட் மாட்டியிருக்க மாட்டார்கள். கணவன் மனைவி தனித்தனி அறையிலிருந்து எழுந்து வருவார்கள். பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாத ஆட்களுக்குக் கோபம் மேலேயே மிதக்கும். எல்லாம் பார்த்துவிட்டு வந்து வீட்டில் ஒன்றும் சொல்லமாட்டாள். தெருவில் யாராவது, "எதிர் வீட்டு அண்ணனுக்கு என்னவாம்க்கா?" என்று கேட்டால், "அவரையே கேளுங்க, நல்லாப் பேசுவாரு" என்று நடந்துகொண்டே சொல்வாள்.

ஒரு முறை விடுமுறையில் அவளோடு சுற்றுக்குப் போனேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் வீடு. சாய்வு நாற்காலியில் தயாராகக் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"நானா? நேத்து எட்டு மணிக்குச் சாப்பிட்டது. தண்ணிகூடக் குடிக்கல."

"சட்டைல பிஸ்கட் தூள் இருக்கே."

"அது நேத்தோடது."

"சட்டை இன்னிக்குப் போட்டது மாதிரி இருக்கு சார். மடிப்பே கலையல."

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "பொய் சொன்ன பசங்களை எல்லாம் முட்டி போட வச்ச மனுஷன் இவரு. நல்லாக் கேளும்மா."

அம்மா பெட்டியை மூடினாள். "நாளைக்கு வரேன் சார்."

"வர்றதுதான் வர்ற, கொஞ்சம் சீக்கிரம் வாம்மா. ஆறு மணிக்கு மேல பசி தாங்கல."

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் வேலையில் அவருக்குத் தெரிந்தது மூன்று விஷயம். பெட்டியைச் சாய்க்கக் கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது. குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மற்றபடி அவளைப் பற்றி யாராவது விசாரித்தால் அவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான். "ஊருக்கெல்லாம் ரத்தத்த எடுப்பா. எனக்கு மட்டும் உயிர எடுப்பா." அம்மா சமையலறையிலிருந்து, "அதுக்கு வெறும் வயிறு தேவையில்ல, எப்ப வேணா எடுக்கலாம்" என்பாள். முப்பத்தேழு வருடக் குடும்பம். இது வாரம் ஒருமுறையாவது நடந்தது.

திங்கட்கிழமை நடந்ததை இஸ்திரிக்காரர் சொன்னார். அவர் வண்டி நிற்கிற மூலையிலிருந்து அந்தத் தெரு முழுக்கத் தெரியும்.

"அக்கா பேக்கரி அண்ணன் வீட்டுலேர்ந்து வந்தாங்க. எனக்குக் கை காட்டினாங்க. கொஞ்சம் வேகமாத்தான் நடந்தாங்க, எங்கயோ நேரமாச்சுங்கிற மாதிரி. பூட்டியிருந்த கடை வாசப்படி வந்ததும் நின்னாங்க. பெட்டிய நேரா வச்சாங்க. அப்புறம்தான் உக்காந்தாங்க. நான் தண்ணி எடுத்துட்டு ஓடுறதுக்குள்ள..."

அவர் கரி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி சாயலம்மா. அத நான் பாத்தேன்."

அவர்தான் ஆட்டோ பிடித்தார். பெட்டியைத் தன் மகளிடம் கொடுத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெட்டியை வாங்கித் திறந்தார். ஐஸ் கொஞ்சம் உருகியிருந்தது. மூன்று வீட்டுக் குழாய்களையும் எடுத்து, அடுக்கியிருந்த சட்டத்தோடு ஃப்ரிட்ஜில் மேல் அறையில், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் நேராக நிறுத்திவைத்தார். கதவு சரியாக மூடியதா என்று அழுத்திப் பார்த்தார். பிறகுதான் போனார்.

நான் மதியம் வந்து சேர்ந்தேன். செவ்வாய் மாலைக்குள் எல்லாம் முடிந்தது. ஊரில் பாதிப்பேர் வந்தார்கள். நிறையப் பேர் தங்கள் இடது முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றார்கள். தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை ஆய்வுக்கூட முதலாளி போன் செய்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. தப்பா நினைச்சுக்காத. திங்கக்கிழமை எடுத்த மூணு சாம்பிள்..."

அப்பாவைக் கேட்டேன். அவர் ஃப்ரிட்ஜைக் காட்டினார். திறந்தேன். ரத்தம் கட்டியாகி, ஒரு குழாய் விரிசல் விட்டிருந்தது. உறைந்தால் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். உருக்கினால் வெறும் சிவப்புத் தண்ணீர். எந்த இயந்திரத்திலும் அதைப் படிக்க முடியாது. என்னுடைய எந்த இயந்திரத்திலும்.

"மேல ஏன் வச்சீங்கப்பா?"

"கெட்டுடக் கூடாதுன்னுதான். கீழ அவ்ளோ குளிரு இல்லையே."

நான் கதவை மூடினேன்.

"ஏன், கெட்டுப்போச்சா?"

"ஆமாப்பா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு தடவகூட அவ சாம்பிளக் கெடுத்ததில்ல" என்றார். பிறகு, "அவங்க பாவம், பட்டினியா இருந்து குடுத்தது" என்றார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு ஆளை அனுப்பச் சொன்னேன். வியாழக்கிழமை காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வேலை தெரிந்தவர்தான். வீடு காட்ட நான் கூடப் போனேன்.

முதல் வீடு ஹெட்மாஸ்டர். ஃப்ரீசர் கதையைச் சொன்னேன். "உங்கப்பாவத் திட்டாதம்மா. நானா இருந்தாலும் அங்கதான் வச்சிருப்பேன்" என்றார். சட்டையில் துகள் எதுவும் இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நிஜமாவே சாப்பிடல" என்றார். இரண்டாவது வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் என்னைப் பார்த்ததும் அழுதாள். அவளுடைய மாமியார், "அழுதா பி.பி. ஏறும், அப்புறம் அதுக்கும் டெஸ்ட் எழுதுவாங்க" என்று அதட்டினார். மூன்றாவது பேக்கரிக்காரர். கையை நீட்டிவிட்டு, ஊசி ஏறும்வரை அம்மாவைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் மாவு விலையைப் பேசினார். மூன்று வீடும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம்.

நான்காவது டைப்பிஸ்ட்.

முன்னறையிலேயே அவருடைய தொழில். கம்ப்யூட்டர், பிரிண்டர், காகிதக் கட்டு, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவுக்கு இருந்தன. அவ்வளவு பெரிதாக்கினால்தான் தெரிகிறது. அப்படியும் போன மாதம் ஒரு மனுவில் நிலத்தின் எண் இருநூற்றுப் பதினான்குக்கு இருநூற்றெழுபத்து நான்கு என்று அடித்துவிட்டார். ஒன்றும் ஏழும் மாலையில் ஒன்றுபோலத் தெரிகின்றன என்று அம்மா சொல்லியிருந்தாள். அடுத்தவன் நிலத்தின்மேல் வழக்குப் போய்விட இருந்தது. மனுக்காரர் காகிதத்தை மேசைமேல் போட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். டைப்பிஸ்டுக்கு வேறு தொழில் தெரியாது. தனி ஆள்.

"திங்கக்கிழமை பதினொரு மணி வரைக்கும் சாப்பிடாம இருந்தேன்" என்றார். "அப்புறம்தான் சேதி வந்துச்சு."

நான் ஆய்வுக்கூட ஆளை அறிமுகப்படுத்தினேன். டைப்பிஸ்ட் தலையாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்தார். அதுவரை சரியாகப் போனது. ஆய்வுக்கூட ஆள் ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டே பேசினார்.

"ஒண்ணுமே தெரியாதுங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

டைப்பிஸ்ட் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"எறும்புன்னு சொல்றவங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

"இல்லீங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீங்க நல்லவர்தான். கிளம்புங்க."

ஆய்வுக்கூட ஆள் என்னைப் பார்த்தார். மூன்று குழாய்களைப் பேருந்துக்குக் கொடுக்க வேண்டும், நேரமாகிறது. போகச் சொன்னேன். ஸ்கூட்டர் சத்தம் தெருவைத் தாண்டியது.

நான் எனக்குத் தெரிந்த வழியில் பேசினேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீரக அளவு, கசிவு எந்த வேகத்தில் கூடும், டாக்டர் சொன்ன ஆறு மாதம், அதில் மிச்சம். கேட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாம இல்ல."

"அப்புறம் ஏங்க?"

"உங்கம்மா எதுவும் சொல்லலையா?"

"உங்களுக்குப் பயம்னு சொல்லிருக்கா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார். எட்டு வயதில் காய்ச்சலோடு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பில் தண்ணீர் வற்றி, நரம்பு கிடைக்கவில்லை. கையையும் காலையும் நாலு பேர் அமுக்கிக்கொண்டார்கள். ஐந்து முறை குத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் வலிக்காது, எறும்பு கடி என்றார்கள். முகம் எதுவும் ஞாபகமில்லை. கைகள் ஞாபகம் இருக்கின்றன.

"உங்கம்மா போன வருஷம் வந்தாங்க. கண் டாக்டர்தான் சொல்லி அனுப்பினாரு. மொத வாரம் வந்து உக்காந்து டீ குடிச்சிட்டுப் போனாங்க. ரெண்டாவது வாரம், ஏன் ஊசின்னா பயம்னு கேட்டாங்க. சொன்னேன். எந்த வார்டு, எந்த வருஷம்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன். அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாங்க. மூணாவது வாரம் வந்து நின்னுட்டே சொன்னாங்க. 'அந்த வார்டுல அப்ப பயிற்சில நான் இருந்தேன். அஞ்சுல கடைசி மூணு என்னோடது. எறும்புன்னு சொன்னதும் நான்தான்.'"

பிரிண்டரில் ஒரு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. காகிதம் தீர்ந்திருந்தது.

"நான் கத்தினேன். வெளிய போங்கன்னேன். அடுத்த திங்கக்கிழமை வந்தாங்க, கதவத் திறக்கல. அதுக்கு அடுத்த வாரமும் வந்தாங்க. நல்ல மழை. கொடையைப் பிடிச்சிட்டுக் கால்மணி நேரம் நின்னுட்டுப் போனாங்க. ஆறாவது வாரம் திறந்தேன்."

"மன்னிப்புக் கேட்டாளா?"

"இல்ல. கேட்டிருந்தா அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்."

"அப்புறம் என்ன பேசுவீங்க?"

"என்னென்னமோ. உங்கப்பா குறட்டை. நீ போன் பண்ணாத நாளு. ஜெராக்ஸ் கடைக்காரன் சண்டை. ஒரு தடவகூட என் கையக் கேக்கல. போன திங்கக்கிழமைக்கு முந்தின திங்கக்கிழமை, ஒரு ஊசிய எடுத்து இந்த மேசைல வச்சாங்க. தன் கைய நீட்டினாங்க. 'ரொம்ப நாளா உங்க கணக்கு நிலுவைல இருக்கு, குத்திக்கங்க'ன்னாங்க. அஞ்சு தடவையான்னு கேட்டேன். 'அஞ்சு இல்ல, மூணுதான் என்னோடது. மீதி ரெண்டு அந்தப் பெரிய நர்ஸோடது, அவங்களத் தேடிப் பிடிங்க'ன்னாங்க."

அவர் சிரித்தார். அன்றைக்கும் அப்படித்தான் சிரித்திருக்க வேண்டும்.

"குத்தினீங்களா?"

"குத்தத் தெரிஞ்சா குத்தியிருப்பேன். சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சப்புறம்தான் சரி, வர்ற திங்கக்கிழமை எடுத்துக்கங்கன்னேன்."

நான் உட்கார்ந்திருந்தேன். முப்பத்துநான்கு வருடம் அவளைத் தெரியும். இது தெரியாது.

"நீ எடுப்பியா?" என்றார் டைப்பிஸ்ட்.

"எனக்குத் தெரியாதுங்க. மிஷின் மட்டும்தான் தெரியும். நான் எடுக்கவும் கூடாது."

"நல்லது. தெரியும்னு சொல்லியிருந்தா இனிமே உனக்கும் கதவு கிடையாது."

நகரத்துக்கு வாருங்கள், என் கூடவே தங்கலாம், பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று சொன்னேன். மயக்கம் கொடுத்து எடுக்கலாம் என்றும் சொன்னேன். மயக்கம் கொடுக்கவும் ஊசிதானே என்றார். சரிதான்.

சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். என் வயது. அம்மாவிடம் நரம்பு பிடிக்கப் பழகியவள். அவளைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன்.

"கூட்டிட்டு வா. திங்கக்கிழமை. ஊசிய வெளிய எடுக்கக் கூடாது. எறும்பு, கொசு எதுவும் பேசக் கூடாது. வந்து உக்காரட்டும்."

"எத்தனை வாரம்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

மூன்று வீட்டு அறிக்கைகளும் அன்று மாலை பேருந்தில் வந்தன. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹெட்மாஸ்டருக்குச் சர்க்கரை கொஞ்சம் அதிகம். கர்ப்பிணிக்கு ரத்தம் குறைவு, மாத்திரை எழுதியிருந்தார்கள். பேக்கரிக்காரருக்கு எல்லாம் சரி. அவர் நம்பவில்லை, மறுபடி பார்க்கச் சொன்னார். அம்மாவுடைய அறையின் சாவி இப்போது ஆய்வுக்கூட ஆளிடம் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் வருகிறார்.

நான் ஞாயிறு இரவுப் பேருந்தில் வந்து திங்கள் மதியம் திரும்புகிறேன். ஐந்து வாரம் ஆகிறது. என் மேலாளர் இன்னும் எத்தனை திங்கட்கிழமை விடுப்பு என்று கேட்டிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது. மூன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டைப்பிஸ்ட் வீட்டுக்கு அப்பாவும் வருகிறார். பெஞ்சில் உட்கார்ந்து, காகிதம் சிக்கிக்கொள்கிற பிரிண்டரைத் திறந்து போட்டுப் பார்க்கிறார். முதல் வாரம் நர்ஸ் பத்து நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். டைப்பிஸ்ட், "போய்ட்டு வாம்மா, வேலையிருக்கும்" என்று எழுந்துவிட்டார். இரண்டாவது வாரம் நர்ஸ் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வந்தாள்.

போன திங்கட்கிழமை டைப்பிஸ்ட் யாரும் கேட்காமலே இடது கையை மேசைமேல் வைத்தார். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ரப்பர் பட்டையைக் கட்டினாள். விரலால் தடவிப் பார்த்தாள். நரம்பு கிடைத்தது, அவள் முகத்தில் தெரிந்தது.

"வலிக்கும்" என்றாள்.

"தெரியும்" என்றார் டைப்பிஸ்ட். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்குப் போதும்."

நர்ஸ் பட்டையை அவிழ்த்தாள்.

கண் டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் இன்னும் பதினொரு வாரம் இருக்கிறது. ரத்தம் எடுக்கவில்லை.